அடுப்பு ரெண்டாயிரம்... பாத்திரம்?

சினிமாவுக்கு விமர்சனம் இருக்கிறது. நாவலுக்கு இருக்கிறது. புது பைக்குக்கும் செல்போனுக்கும்கூட நட்சத்திரம் போட்டு மார்க் கொடுக்கிறார்கள். தினசரி மூன்று காட்சி, வருஷத்தில் 365 நாளும் ஹவுஸ்ஃபுல்லாக ஓடுகிற ஒரு சமாசாரத்துக்கு மட்டும் நம் ஊரில் விமர்சனமே கிடையாது. அடுப்பைத்தான் சொல்கிறேன். கடைக்காரர் சொல்வதுதான் அதற்கு விமர்சனம். அவரோ இன்றுவரை எந்த அடுப்பையும் சுமார் என்று சொன்னதில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், அதாவது நம்ம டி.எச். ரோட்டில், எந்த வீட்டு உபயோகப் பொருள் கடைக்குள் நுழைந்தாலும் முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறது இண்டக்ஷன் ஸ்டவ். ‘சார், புகை இல்ல, நெருப்பு இல்ல, சிலிண்டர் புக் பண்ண வேணாம், பாதி செலவுதான்’ என்கிறார் கடைப் பையன். இந்த நாலில் எது நிஜம், எது பாதி நிஜம், எது யாருக்கு நிஜம் என்று பார்ப்பதுதான் இந்த வாரத்து வேலை.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், ஃபிசிக்ஸ் வகுப்பு ஒரே பாராதான்.

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கொசுவத்திச் சுருள் மாதிரி ஒரு செம்புக் கம்பிச் சுருள். அதில் வினாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறுகிற மின்சாரம் ஓடுகிறது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், மேலே இருக்கும் இரும்புப் பாத்திரத்தின் அடிப்பாகத்துக்குள் ஒரு மின்சாரத்தைத் தூண்டிவிடுகிறது. அந்த மின்சாரம் இரும்புக்குள் சுற்றிச் சுற்றி வந்தே பாத்திரம் சூடாகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவம். ஃபாரடே ஒரு இரும்புக் கொல்லரின் மகன். இரும்பைச் சூடாக்குவதில் அப்பா ஒரு வழி வைத்திருந்தார், பிள்ளை வேறு வழிக்கு விதை போட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. கண்ணாடி தானாகச் சூடாவதில்லை, சுருளும் சோற்றைத் தொடுவதில்லை. சூடாவது பாத்திரம்தான். அதாவது, நீங்கள் ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வருவது பாதி அடுப்புதான். மீதிப் பாதி உங்கள் பாத்திர அலமாரியில் இருக்கிறது. இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

* * *

நல்லதை முதலில் சொல்லிவிடுவது மரியாதை.

2,000 வாட் அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் மூன்று, மூன்றரை நிமிஷத்தில் தளதளவென்று கொதித்துவிடுகிறது. டீ, காபி, சாதம், பருப்பு, குளிக்க வெந்நீர் என்று தண்ணீரைக் கொதிக்கவைக்கிற எல்லா வேலையிலும் கெட்டிக்காரன். செலுத்துகிற மின்சாரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது. கேஸ் அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்க 68 சதவீதம் காட்டவேண்டும். ஆனால் அது பரிசோதனைச் சாலையில். நம் வீட்டில், சின்னப் பாத்திரத்துக்கு அடியில் பெரிய பர்னரைத் திருப்பிவிட்டு, ஜ்வாலை பக்கவாட்டில் ஏறிப் போகிறபோது அறுபது தேறினாலே அதிர்ஷ்டம்.

இதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று இருக்கிறது. எந்த விளம்பரத்திலும் அதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஃபேன் போட்டுக்கொள்ளலாம்! ராயபுரம், காசிமேடு பக்கத்து ஸ்டோர் வீடுகளில் சமையலறை என்பது பெரும்பாலும் ஆறடிக்கு ஐந்தடி. பல வீட்டில் அதுவும் கிடையாது, ஹாலின் ஒரு மூலைதான். கேஸ் எரிந்தால் ஃபேனை நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் ஜ்வாலை ஆடும். மே மாசத்து மத்தியானத்தில், தகர ஷீட் கூரைக்குக் கீழே, ஃபேனை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்பது என்னவென்று நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். குடும்பமே வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்க, ஒருத்தி மட்டும் உள்ளே வேர்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஃபேன் காற்றோடு சமைக்கிற உரிமையை வாங்கிக் கொடுத்ததற்காகவே இந்த யந்திரத்துக்கு முதல் மார்க் போடலாம்.

இரண்டாவது மார்க், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளை நம்பி வந்து ஒரு அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிகள் சார்பில். முகவரிச் சான்று இல்லாமல் கேஸ் இணைப்பு கிடைப்பது கஷ்டம். ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு குக்கர் இருந்தால் அவர்களுக்கு ராத்திரி சோறு நிச்சயம்.

* * *

இனி குறைகள். சமையலை ஆராய்ச்சிக்கூடத்தில் செய்வதில்லை, வீட்டில் செய்கிறோம். வட சென்னை வீட்டில் சமையல் என்றால் முதல் பரீட்சை மீன் குழம்பு.

மீன் குழம்பு மண் சட்டியில் வைப்பது. இண்டக்ஷனுக்கு மண் சட்டி கண்ணுக்கே தெரியாது. ‘டீக்... டீக்’ என்று கத்திவிட்டு, இ-ஜீரோ என்றோ இ-ஒன்று என்றோ சிவப்பு எழுத்தில் ஒரு திட்டு திட்டிவிட்டுப் படுத்துவிடும். ‘சட்டிக்கு அடியில இரும்புத் தட்டு வெச்சிக்கலாம் சார்’ என்பார் கடைப் பையன். வைக்கலாம். தட்டு சூடாகி, தட்டிலிருந்து சட்டி சூடாகி, அதற்குள் கண்ணாடி சூடாகி, ‘எனக்குக் காய்ச்சல்’ என்று யந்திரம் தானாக நின்றுவிடும். 85 சதவீதப் பெருமையெல்லாம் அந்தத் தட்டோடு போச்சு.

சரி, எவர்சில்வர் பாத்திரத்திலேயே வைக்கலாம் என்றால் அடுத்த சிக்கல். மீன் துண்டுகளைக் கடைசியில் போட்ட பிறகு கரண்டியைப் போட்டுக் கிளறினால் வஞ்சிரமே உதிர்ந்துவிடும், சங்கராவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் தெரிந்தவர்கள் கரண்டியைத் தொடாமல், துணியால் பிடித்துச் சட்டியைத் தூக்கி ஒரு சுழற்று சுழற்றுவார்கள். இண்டக்ஷனில் பாத்திரத்தைக் கண்ணாடியிலிருந்து தூக்கினால் மறுபடியும் ‘டீக்... டீக்’. நம் கைப்பக்குவத்தை அது ‘பாத்திரம் காணவில்லை’ என்று புகாராகப் பதிவு செய்கிறது.

அப்புறம் தீயைக் குறைப்பது. கேஸில் ‘சிம்’ என்றால் சின்ன ஜ்வாலை, ஆனால் விடாமல் எரியும். விலை குறைந்த இண்டக்ஷன் அடுப்புகள் பலவற்றில் 300 வாட் என்று வைத்தால், உண்மையில் 1,000 வாட்டை மூன்று, நாலு வினாடி கொடுத்துவிட்டுச் சில வினாடி தூங்கும். மறுபடி எழும், மறுபடி தூங்கும். குழம்பு கொதித்து, அடங்கி, கொதித்து, அடங்கி, விக்கல் எடுத்த மாதிரி இருக்கும். எண்ணெய் பிரிந்து மேலே வருகிற அந்த நிதானம் வராது. பாலை வைத்தாலும் இதே கதை. பொங்காது பொங்காது என்று பார்த்துக்கொண்டே இருப்போம், ஒரே எழுச்சியில் மேடையெல்லாம் பால்.

தோசைக்கல்லுக்கு வருவோம். இரும்புக் கல் என்பதால் அடுப்பு சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் கீழே இருக்கும் சுருள் ஆறு, ஏழு அங்குலம்தான். கல்லோ பத்து, பன்னிரண்டு அங்குலம். வளையம் வளையமாகச் சூடு. நடுவில் முறுகல், ஓரத்தில் மாவு. முதல் தோசையைத் திருப்பும்போதே தெரிந்துவிடும். எடுத்ததுமே முழு வாட்டில் வைத்தால் மெல்லிய தவா வளைந்தும் போகும். ஒருமுறை வளைந்தால் அது பம்பரம்தான்.

பட்டியலை வேகமாக முடிக்கிறேன். தாளிக்கிற கரண்டியின் அடி சின்னது, குழிவானது. இண்டக்ஷன் அதை மதிக்காது. ஆக, ரசத்துக்குத் தாளிக்க கேஸைப் பற்றவைத்தாக வேண்டும். அப்பளம் சுட முடியாது. கருவாடு சுட முடியாது. கத்திரிக்காய் சுட்டுத் துவையல் அரைக்க முடியாது. ஃபுல்கா உப்பாது. ஈரக் கையோடு தொட்டால் பட்டன் வேலை செய்யாது. சமையலறையில் ஈரமில்லாத கை எந்த நேரத்தில் இருக்கும் என்று இதை வடிவமைத்தவர் யாரிடமும் கேட்கவில்லை போலிருக்கிறது. எண்ணெய்ச் சூட்டை 180 டிகிரி என்று திரையில் காட்டும். அதை அளக்கிற சென்ஸார் இருப்பது கண்ணாடிக்கு அடியில், எண்ணெயில் அல்ல. வடை போடுகிறவர் அந்த எண்ணை நம்பாமல், ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பதே உத்தமம்.

* * *

இனி கணக்கு. பி.காம். படித்தவன் கையில் அடுப்பு கிடைத்தால் வேறென்ன நடக்கும்?

14.2 கிலோ சிலிண்டரில் இருக்கிற வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நம் கேஸ் அடுப்பு அதில் அறுபது சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுப்பதாக வைத்தால் 108 யூனிட். அதே சமையலை இண்டக்ஷனில் செய்ய 127 யூனிட் தேவை. சென்னையில் சிலிண்டர் விலை 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசு ஆனது. அந்த விலையையும், 2024 ஜூலையில் மாறிய மின் கட்டணத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறேன். விலை மாறினால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், வழிமுறை மாறாது. ஒரு சிலிண்டர் இரண்டு மாசம் வருகிற வீடு என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் பில்லும் இரண்டு மாசத்துக்குத்தானே.

முதல் வீடு: ஃபேன், லைட், டி.வி., ஒரு ஃப்ரிட்ஜ். 200 யூனிட். கூடுதலாக 127 யூனிட் சேர்ந்தால் அதற்கு யூனிட் ஐந்து ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. மொத்தம் 600 ரூபாய் சொச்சம். சிலிண்டரோடு ஒப்பிட்டால் சுமார் 260 ரூபாய் லாபம்.

இரண்டாவது வீடு: ஏ.சி. இருக்கிறது. 450 யூனிட். கூடுதல் 127-ல் முதல் ஐம்பது யூனிட் ஆறு ரூபாய்க்கு மேல். மீதி, 500-ஐத் தாண்டிவிட்டதால், எட்டரை ரூபாயைத் தொடுகிறது. அது மட்டுமில்லை, 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும், 101-லிருந்து 200 வரைக்கும் பாதி விலையில் கிடைத்த சலுகை போய்விடும். எல்லாம் சேர்த்தால் 1,200 ரூபாயை நெருங்குகிறது. சிலிண்டரோடு ஒப்பிட்டால் 300 ரூபாய்க்கு மேல் நஷ்டம்.

ஆக, ‘பாதி செலவு’ என்று கடைப் பையன் சொன்னது யாருக்கும் முழுதாகப் பலிக்கவில்லை. லாபம் குறைவான பில் கட்டுகிறவருக்கு, நஷ்டம் அதிகமான பில் கட்டுகிறவருக்கு. ‘பரவாயில்லையே, ஏழைக்கு லாபம் தருகிற யந்திரமா!’ என்று கை தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

முதல் வீட்டின் பாத்திர அலமாரியைத் திறந்து பாருங்கள். சோறு வடிக்க அலுமினியக் குண்டான். பிரியாணிக்கு அலுமினிய தேக்சா. இட்லிப் பானை அலுமினியம். பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன் கல்யாணச் சீராக வந்த குக்கர், அதுவும் அலுமினியம். வடசட்டி இண்டாலியம், அதுவும் அலுமினியத்தின் பங்காளிதான். குழம்புக்கு மண் சட்டி. இவற்றில் ஒன்றைக்கூட அந்தக் கறுப்புக் கண்ணாடி ஏற்றுக்கொள்ளாது. இருக்கிற ஒன்றிரண்டு எவர்சில்வர் பாத்திரத்தையும் அப்படியே நம்ப முடியாது. எவர்சில்வரில் காந்தம் ஒட்டுகிற ஜாதி உண்டு, ஒட்டாத ஜாதியும் உண்டு.

புதிதாக ஒரு குக்கர், ஒரு கடாய், ஒரு தவா, குழம்புக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று என்று வாங்கினால் நாலாயிரம் சாதாரணமாகப் போகும். அடுப்பையும் சேர்த்தால் ஆறாயிரம். இரண்டு மாசத்துக்கு 260 ரூபாய் மிச்சம் பிடித்து இந்த முதலை எடுக்க மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். அடுப்புக்கு கேரண்டியோ பெரும்பாலும் ஒரே வருஷம். கடல் உப்புக் காற்று, ஏறி இறங்குகிற வோல்டேஜ், ஃபேன் துவாரம் வழியாக உள்ளே குடியேறும் கரப்பான் பூச்சி இவை மூன்றும் அந்த சர்க்யூட் போர்டை மூன்றரை வருஷம் விட்டுவைக்குமா என்பதை எங்கள் பக்கத்து ரிப்பேர் கடைக்காரர்களைக் கேளுங்கள். ‘போர்டு போச்சுண்ணே, புதுசே வாங்கிடு’ என்பது அங்கே அடிக்கடி காதில் விழுகிற தீர்ப்பு.

இதிலும் ஒரு கிளைக் கதை உண்டு. முதல் வீட்டுக்காரர் வாடகைக்கு இருப்பவர் என்றால் அந்த 260 ரூபாய் லாபமும் கிடையாது. ஸ்டோர் வீட்டில் சப்-மீட்டர். யூனிட் எட்டா, ஒன்பதா, பத்தா என்பதை வாரியம் தீர்மானிப்பதில்லை, வீட்டு ஓனர் தீர்மானிக்கிறார். ஒன்பது ரூபாய் என்றால் 127 யூனிட்டுக்கு 1,143. நூறு யூனிட் இலவசம் என்பதெல்லாம் பல வாடகை வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. 2,000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். பழைய வீட்டுச் சமையலறையில் இருப்பதோ மிக்ஸிக்குப் போட்ட ஒற்றை ஐந்து ஆம்பியர் பிளக். உருகின வாசனை வந்த பிறகுதான் பல பேருக்கு இது தெரிகிறது.

அதாவது, எந்த வீட்டுக்கு இந்த அடுப்பு லாபமோ அந்த வீட்டுப் பாத்திரத்தையும் பிளக்கையும் இந்த அடுப்பு ஏற்காது. எந்த வீட்டுப் பாத்திரத்தை ஏற்குமோ அந்த வீட்டுக்கு இது லாபமில்லை. இண்டக்ஷன் அடுப்பைப் பற்றி எனக்கிருக்கும் பெரிய புகார் இதுதான். தோசை ஓரம் வேகாததைக்கூட மன்னித்துவிடலாம்.

* * *

‘புகை இல்ல’ என்ற வாக்கியம் பாக்கி இருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம்.

மயிலாப்பூரிலோ அண்ணா நகரிலோ இருந்து பார்த்தால் புகை இல்லைதான். எண்ணூரில் இருந்து பார்த்தால் புகை எங்கேயும் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 1970-ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது, வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் இருக்கிறது. வட சென்னை நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் 2001-ல் எண்ணூர் துறைமுகமே வந்தது. சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்த செய்தியை எத்தனை தடவை படித்திருப்போம்! அந்த ஆற்றில் இறால் பிடித்த கைகள்தான் அதற்கு சாட்சி. காற்றாலை மின்சாரம் வீசுகிற சீசனில் கணக்கு கொஞ்சம் மாறும், வாஸ்தவம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு ஊரே தோசை சுடும்போது பெரும்பாலும் எரிவது கரிதான்.

வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டு சமையல் எரிவாயு வந்து இறங்குகிற முனையமும் எண்ணூரில்தான், நாட்டு எரிவாயு தயாராகிற சுத்திகரிப்பு ஆலையும் மணலியில்தான். சென்னை எந்த அடுப்பில் சமைத்தாலும் எரிகிற சரக்கு இந்தப் பக்கம்தான் வந்து போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு சேர்ந்து எண்ணெய்க் கசிவும் வந்து, எண்ணூர் முகத்துவாரமே கறுத்துப்போனது. அந்தப் புயலில் கரண்ட் போய் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு குழந்தைக்குப் பால் காய்ச்சியது கேஸ் அடுப்பில்தான். மின்சாரம் தயாராகிற ஊரில் மின்சார அடுப்பை நம்பிக் கேஸைக் கைவிட யாருக்கும் இன்னும் தைரியம் வரவில்லை என்றால் அது பழமைவாதம் இல்லை, அனுபவம்.

* * *

தீர்ப்பு சொல்லும் நேரம்.

இண்டக்ஷன் மட்டமான அடுப்பு இல்லை. ‘கேஸுக்குப் பதில்’ என்று விற்பதுதான் தப்பு. ‘கேஸுக்குத் துணை’ என்று விற்றால் நேர்மை. சாதம், பருப்பு, வெந்நீர், டீ இதற்கு. குழம்பு, தாளிப்பு, தோசை, சுடுகிற சமாசாரமெல்லாம் அதற்கு என்று பங்கு பிரித்துவிட்டால் இரண்டு மாசம் வருகிற சிலிண்டர் மூன்று மாசம் வரும். வாங்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு பாத்திரம்கூட ஒட்டவில்லையென்றால் கடைக்குப் போகும்போதே பாத்திரத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்துப் போங்கள். கடைசியாக வந்த மூன்று கரண்ட் பில்லை எடுத்து, 500-க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பிளக் போடச் சொல்லுங்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2023 நவம்பரில் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் இருபது லட்சம் இண்டக்ஷன் அடுப்புகளை மக்களிடம் கொண்டுசேர்க்கிற திட்டத்தை அறிவித்தது. நல்ல காரியம். நம் மாநிலத்தில் இலவச டி.வி. வந்திருக்கிறது, கேஸ் அடுப்பு வந்திருக்கிறது, மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்திருக்கிறது. இவையெல்லாம் பிளக்கில் செருகினாலோ, சிலிண்டரில் மாட்டினாலோ ஓடின. இண்டக்ஷன் அப்படி ஓடாது. அதோடு ஒரு குக்கரும், ஒரு கடாயும், ஒரு 16 ஆம்பியர் பிளக்கும் சேர்ந்து வரவேண்டும். வாடகை வீட்டுக்காரரிடம் ஓனர் வாங்குகிற யூனிட் ரேட்டை யாராவது தட்டிக் கேட்கவேண்டும். இல்லாவிட்டால், திட்டத்தில் வந்த கறுப்புக் கண்ணாடி பரண்மேல் ஏறும். காசிமேட்டு மீன் குழம்பு எப்போதும்போல மண் சட்டியில், ஃபேனை அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்கக் கொதித்துக்கொண்டிருக்கும்.